மாலை ஐந்து மணிக்குப் பிறகு: ஒரு தோட்டப் பட்டணமும் அதன் இளைஞர் இயக்கங்களும்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஈப்போவிலிருந்து கோலகங்சார் போகும் பழைய சாலையில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது சுங்கை சிப்புட். வரலாற்றுப் பாடத்தில் இந்த ஊருக்கு ஒரே ஒரு தேதிதான் உண்டு: 1948 ஜூன் 16. எல்ஃபில் தோட்டத்திலும் அதை அடுத்த இன்னொரு தோட்டத்திலும் அன்று மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து பிரிட்டிஷ் அரசு கம்யூனிஸ்டுகளை ஒடுக்க அவசரகாலத்தை அறிவித்தது. அது 12 ஆண்டுகள் நீடித்தது. அரசியல் பேசுகிறவர்கள் இன்னொரு தேதியையும் சொல்வார்கள்: 2008 மார்ச் 8. 1974 முதல் இந்தத் தொகுதியைக் கையில் வைத்திருந்த ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தலைவர் சாமிவேலு, டாக்டர் ஜெயகுமார் தேவராஜிடம் தோற்ற நாள் அது.

அந்தத் தேர்தலில் சுவரொட்டி ஒட்டியவர்களிலும் வீடு வீடாக ஏறி இறங்கியவர்களிலும் பலர் தோட்டத்தில் பிறந்து தாமானில் (பட்டணத்துக் குடியிருப்பில்) வளர்ந்த பிள்ளைகள். இந்தப் பசங்களுக்குத் திடீரென்று எங்கிருந்து இவ்வளவு துணிச்சல் வந்தது என்று அப்போது பலர் கேட்டார்கள். திடீரென்று எதுவும் வரவில்லை என்பதுதான் என் பதில். கிள்ளானிலும் கெடாவிலும் ஈப்போவிலும் இந்த ஊரிலும் எண்பது வருஷமாக நடந்த பல இயக்கங்கள் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்த படிவு அது. அவற்றில் பெரும்பாலானவை கேட்டதை வாங்கவில்லை. சில இயக்கங்களின் பெயர்கூட இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. ஆனால் ஒவ்வொன்றும் இளைஞர்களிடம் ஒரு பழக்கத்தை விட்டுவிட்டுப் போனது. அந்தப் பழக்கங்கள் எப்படிக் கைமாறின, எங்கே அறுந்தன என்று பார்ப்பதற்குத் தோட்டத்து நாளின் கணக்கிலிருந்து தொடங்க வேண்டும்.

ரப்பர் தோட்டத்தில் விடியுமுன் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. வெளிச்சம் விழும்போது கத்தி மரத்தில் இருக்க வேண்டும். நடுப்பகலுக்குள் பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, திரும்பினால், அதற்குப் பிறகு பொழுது தொழிலாளியுடையது. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்று சொன்னது. பள்ளி என்று ஒன்று இருந்தது, அவ்வளவுதான். ஆயாக் கொட்டகையிலிருந்து பள்ளிக்கு, பள்ளியிலிருந்து பன்னிரண்டு பதின்மூன்று வயதில் அம்மாவோடு நிரைக்கு, பால் வெட்டும் மர வரிசைக்கு. பால் வடியும் மங்கைத் துடைத்து, கட்டிப்பால் பொறுக்கிக்கொண்டிருந்த பிள்ளை சில வருஷத்தில் தனி நிரை எடுத்துவிடும். பிள்ளைப் பருவம் முடிந்த கையோடு தொழிலாளி. நடுவில் இளமை என்று ஒரு கட்டமே கிடையாது.

மிச்சம் இருந்தது மாலை நேரம். அந்த நேரத்துக்குத் தோட்ட நிர்வாகம் தயாராக வைத்திருந்த ஏற்பாடு கள்ளுக்கடை. பெரும்பாலும் நிர்வாகத்தின் அனுமதியோடு தோட்ட எல்லைக்குள்ளேயே இருக்கும். கூலியில் ஒரு பங்கு அங்கேயே திரும்பிப் போய்விடும். மீதி நேரம் சண்டையிலும் தூக்கத்திலும் கழியும். தோட்டத்துக்குள் வந்த ஒவ்வொரு இயக்கமும் முதலில் மோதியது கள்ளுக்கடையோடுதான். குடி கெட்டது என்ற ஒழுக்கப் பிரச்சாரமாக மட்டும் இதைப் படித்தால் பாதிதான் விளங்கும். பையன்களுடைய மாலை யாருக்குச் சொந்தம் என்பதில் நடந்த போட்டி அது. என் பார்வையில் தோட்டப்புற இளைஞர் பண்பாட்டின் கதை முழுக்க இந்தப் போட்டிதான்.

1941-இல் சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத்தில் நடந்த வேலைநிறுத்தத்தைப் பாருங்கள். ஆர்.எச். நாதன் முன்னின்று நடத்திய கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம் கொடுத்த கோரிக்கைப் பட்டியலில் சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி இருந்தது, வேலை நேரக் குறைப்பு இருந்தது, கள்ளுக்கடையை மூட வேண்டும் என்பது இருந்தது, பெண்களிடம் தகாத முறையில் நடப்பதை நிறுத்த வேண்டும் என்பது இருந்தது. கூடவே இன்னொன்றும் இருந்தது: துரைமார் எதிரே வரும்போது சைக்கிளை விட்டு இறங்காமல் போக எங்களுக்கு உரிமை வேண்டும்.

இந்தக் கடைசிக் கோரிக்கையை ஏதோ சின்ன விஷயம்போலப் பலர் தாண்டிப் போவார்கள். எனக்கு முழுப் பட்டியலிலும் ஆழமானது அதுதான். சைக்கிள் அந்தக் காலத்துத் தோட்டப் பையனின் முதல் சொத்து. பட்டணத்துக்குப் போய்ப் படம் பார்க்கவும், பத்திரிகை வாங்கவும், பக்கத்துத் தோட்டத்தில் நடக்கும் கூட்டத்துக்குப் போகவும் அதுதான் வழி. துரையோ கிராணியோ (தோட்ட எழுத்தரோ) எதிரே வந்தால் இறங்கி, ஓரமாக நின்று, அவர் போன பிறகு ஏற வேண்டும். வயதான அப்பாவுக்கு அது பழகிப்போன மரியாதை. மகனுக்கு உடம்பு கூசியது. கூலி உயர்வை அப்பாவும் மகனும் சேர்ந்தே கேட்டிருப்பார்கள். சைக்கிள் கோரிக்கையில் எனக்கு மகனின் குரல்தான் கேட்கிறது.

அந்த வேலைநிறுத்தம் துப்பாக்கியால் அடக்கப்பட்டது. நாதன் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். படை வந்தது, சுட்டது, தொழிலாளர்கள் செத்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் ஜப்பான்காரன் வந்துவிட்டான், துரைமார் ஓடினார்கள். 1943-இல் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்தபோது, தலை நிமிர்ந்து நடக்க ஆசைப்பட்ட அந்தப் பையன்களுக்கு முதல் தடவையாகச் சீருடை கிடைத்தது. இந்திய தேசிய ராணுவத்தில் தோட்டத்துப் பையன்கள் சேர்ந்தார்கள். ஜான்சி ராணி படையில் தோட்டத்துப் பெண்களும் துப்பாக்கி பிடிக்கப் பழகினார்கள். பால்வாளி தூக்கிய பெண் காக்கி உடையில் அணிவகுத்து நின்றதை ஊர் பார்த்தது. போரில் அந்தப் படை தோற்றது. அணிவகுப்பும், கட்டளைக்கு ஒரே நேரத்தில் கால் வைக்கும் பழக்கமும், நாம் பலர் என்ற உணர்வும் ஊருக்குத் திரும்பி வந்தன.

எங்கே திரும்பின? கெடாவுக்குப் போனால் தெரியும். பீடோங் பக்கம் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமி 1946-47 வாக்கில் தொண்டர் படையைக் கட்டினார். மாலையில் இளைஞர்கள் திடலில் அணிவகுப்புப் பழகினார்கள்; பிறகு கள்ளுக்கடை வாசலில் போய் மறியல் செய்தார்கள். பெண்கள் அதில் முன்னே நின்றார்கள், ஏனென்றால் கள்ளின் விலை அடுப்படியில்தான் தெரியும். சில மாதத்தில் காவல்துறையோடு மோதல், கைது, சிறை. தொண்டர் படை உடைந்தது. அப்புறம் 1948 வந்தது.

அவசரகாலம் தமிழ்த் தொழிலாளிக்கு என்ன செய்தது என்பதை நாம் போதுமான அளவு பேசவில்லை என்பது என் நீண்ட நாள் வருத்தம். அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதி 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அதற்கு முந்திய நாள் இன்னொரு தொழிற்சங்கத் தலைவரான வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார். சங்கத்தில் இருந்தவன் என்று சொல்வதே ஆபத்தானது. தோட்டங்களைச் சுற்றி முள்வேலி, ஊரடங்கு. மாலை நேரம் மறுபடியும் பறிபோனது. இந்தத் தடவை பறித்தது ஊரடங்குச் சட்டம். அப்பாக்கள் வாயை மூடிக்கொண்டார்கள். எந்தக் கொடி பிடித்தோம், எந்தக் கூட்டத்தில் நின்றோம் என்று பிள்ளைகளிடம் சொல்லவில்லை. சொன்னால் பிள்ளைக்கு ஆபத்து என்ற பயம். சுங்கை சிப்புட்டில் அந்தப் பயம் இன்னும் ஒரு படி அதிகம், காரணம் எல்லாம் தொடங்கிய இடம் என்று முத்திரை குத்தப்பட்ட ஊர் இது. தாத்தாவின் போராட்டம் பேரனுக்குத் தெரியாமல் போனது மறதியால் என்று நினைக்கிறோம். பெரும் பகுதி பயத்தால்.

சரி, நினைவு அறுந்துவிட்டது என்றால் பழக்கம் எப்படிப் பிழைத்தது? இன்னொரு வாய்க்கால் வழியாக. தொழிற்சங்கம் பேசினால் சிறை என்றிருந்த காலத்தில் தமிழ் பேசலாம், பேச்சுப் போட்டி வைக்கலாம், நாடகம் போடலாம்.

அந்த வாய்க்காலின் தொடக்கம் பழையது. 1929 டிசம்பரில் பெரியார் மலாயாவுக்கு வந்தபோது ஈப்போவில் நடந்த தமிழர் மாநாட்டில் கலந்துகொண்டார். சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி தமிழர் சீர்திருத்தச் சங்கத்தில் உழைத்தார். 1935-இல் தமிழ் முரசைத் தொடங்கினார். 1952-இல் தமிழர் திருநாளுக்கு வித்திட்டார். முரசு மாணவர்களுக்கென்று நடத்திய மணிமன்றப் பகுதி, வெறும் பத்திரிகைப் பக்கமாக இருந்தது, கொஞ்ச காலத்தில் தோட்டம் தோட்டமாக மன்றங்களாக முளைத்தது. தமிழ் இளைஞர் மணிமன்றம் என்ற பலகை தொங்கிய அந்தக் கொட்டகைகள்தான் இளைஞர் என்ற ஒரு பருவத்தையே தோட்டத்துக்குள் கொண்டுவந்தன. வேலைக்குப் போகிறவன், ஆனாலும் இன்னும் கற்றுக்கொள்கிறவன் என்று ஒருவனைப் பார்க்க ஊர் பழகியது.

மன்றத்துக்குள் நடந்ததைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தால்தான் அதன் பலம் புரியும். பேச்சுப் போட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைப்பு ஒரு வாரத்துக்கு முன்பே வந்துவிடும். ஆசிரியரோ, கொஞ்சம் படித்த அண்ணனோ உரையை எழுதித் தருவார். பையன் அதை நிரையில் மரத்துக்கு மரம் நடந்துகொண்டே மனப்பாடம் செய்வான். மாலையில் மன்றத்தில் ஒத்திகை: கையை எங்கே வைப்பது, எந்த இடத்தில் நிறுத்துவது, அவையோரை எப்படி விளிப்பது. போட்டி நாளன்று நீதிபதிகள் மூன்று பேர், மணி அடிக்க ஒருவர், நேரம் பார்க்க ஒருவர். தோற்றவனும் மேடையில் ஏறி இறங்கிவிட்டான். துரை பங்களா வாசலில் தலை குனிந்து நிற்பது ஒன்றே பழக்கமாக இருந்த குடும்பத்தில் ஒருவன் நூறு பேர் முன்னால் நின்று, நிமிர்ந்து, முழு வாக்கியம் பேசிவிட்டான். அந்த அனுபவம் உடம்பில் தங்கும். கூட்டக் குறிப்பு எழுதுவது, கணக்கு வாசிப்பது, தீர்மானத்தை முன்மொழிந்து வழிமொழிவது எல்லாம் கூடவே வந்தன. பின்னாளில் கோயில் கமிட்டி, பெற்றோர் ஆசிரியர் சங்கம், கட்சிக் கிளை எதுவானாலும் செயலாளர் நாற்காலியில் உட்கார்ந்தவர்களில் பலர் மணிமன்றத்தில் பேனா பிடித்தவர்கள்தான்.

பள்ளிப் பதிவேட்டிலும் இந்த இயக்கத்தைப் பார்க்கலாம். முனியம்மா, மாரிமுத்து என்று வந்த வரிசையில் தமிழ்ச்செல்வியும் இளங்கோவும் மதியழகனும் நுழைந்தார்கள். ஒரு தலைமுறை தான் படித்ததைத் தன் பிள்ளையின் பெயராகவே எழுதி வைத்தது.

குறையும் இருந்தது, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. மேடையில் தமிழ் வாழ்க என்று முழங்கிய மன்றங்கள் கூலியைப் பற்றிப் பெரும்பாலும் பேசவில்லை. பேச முடியாத காலத்தில் பிறந்தவை அவை. காலம் மாறிய பிறகும் அந்த மௌனம் பழக்கமாகவே தங்கிவிட்டது. பெண்பிள்ளைகள் நடனத்துக்கும் பேச்சுக்கும் மேடை ஏறினார்கள், நிர்வாகக் குழுவில் அரிதாகத்தான் இருந்தார்கள். 1943-இல் அணிவகுத்து நின்ற பெண்களின் மகள்களுக்கு மன்றத்தில் கிடைத்த இடம் அம்மாவின் இடத்தைவிடச் சின்னது.

இந்த ஊருக்கே உரிய கதை ஒன்றும் உண்டு. துன் வீ.தி. சம்பந்தன் சுங்கை சிப்புட்காரர். 1955 முதல் 1973 வரை ம.இ.கா. தலைவர். இங்குள்ள மகாத்மா காந்தி கலாசாலை அவரது முயற்சியோடு பிணைந்தது. சுதந்திரத்தை ஒட்டிப் பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கத் தொடங்கியபோது, 1960-இல் அவர் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிய பணத்தில் தோட்டங்கள் வாங்கப்பட்டன. துண்டாடலை அது நிறுத்திவிடவில்லை. ஆனால் நிலம் நமக்கும் சொந்தமாகலாம் என்ற எண்ணம் லயத்துக்குள் நுழைந்தது அப்போதுதான். 1969-இல் வேலை பெர்மிட் கெடுபிடி வந்தபோது குடியுரிமை இல்லாமல் சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்த பல்லாயிரம் பேர் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். மன்றங்களின் மூத்த ஆட்கள் பலர் அந்தக் கப்பல்களில் போய்விட்டார்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய அடி 1980-களிலும் 90-களிலும் விழுந்தது. ரப்பர் போய்ச் செம்பனை (எண்ணெய்ப்பனை) வந்தது. செம்பனைக்கு அவ்வளவு ஆட்கள் தேவையில்லை, தேவைப்பட்ட ஆட்களை வெளிநாட்டிலிருந்து குத்தகைக்காரர்கள் கொண்டுவந்தார்கள். பல இடங்களில் தோட்டமே வீடமைப்புத் திட்டமாகவும் தொழிற்பேட்டையாகவும் மாறியது. லயத்தில் இருந்தவர்கள் தாமான்களுக்கும் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் புறம்போக்கு நிலத்துக் குடிசைகளுக்கும் சிதறினார்கள். 1957-இல் 888-ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று 520-க்குச் சற்று மேல்.

வீடு போனதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். மாலை போனதைப் பற்றி யாரும் அதிகம் எழுதவில்லை. தோட்டத்தில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வேலை முடியும். அதனால்தான் திடல் நிரம்பியது, மன்றம் நடந்தது. தொழிற்சாலையில் ஷிப்ட். அண்ணன் பகல் ஷிப்ட், அம்மா இரவு ஷிப்ட், அப்பா லாரியில் வெளியூர். ஒரே கூரையின் கீழ் இருக்கிறவர்களே சேர்ந்து சாப்பிட ஞாயிற்றுக்கிழமை வர வேண்டும். இப்படியொரு இடத்தில் ஆறு மணிக்குக் கூட்டம் என்று அறிவித்தால் யார் வருவார்கள்? திடலும் இல்லை, மன்றக் கொட்டகையும் இல்லை. பதினாறு வயதுப் பையன் வீட்டில் ஆளில்லாத மாலையை எங்கே கழிப்பான்? கூப்பிட்ட இடத்துக்குப் போவான். கேங் கூப்பிட்டது. அதற்கும் பெயர், சின்னம், மூத்தவர், கட்டுப்பாடு, நம் ஆள் என்ற சொல் எல்லாம் இருந்தன. மன்றம் கொடுத்தவற்றை வேறொரு கை கொடுத்தது. இந்தப் பிள்ளைகளைக் கெட்டவர்கள் என்று எழுதித் தள்ளிவிட்டுப் போகும் கட்டுரைகளைப் படிக்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

அதே பையன்கள்தான் உருமி மேளக் குழுக்களையும் கட்டினார்கள். திருவிழாக் காலத்துக்கு மாதக்கணக்கில் முன்பே கோயில் பின்கட்டில் ஒத்திகை தொடங்கிவிடும். ஒரே நிறச் சட்டை, முதுகில் குழுவின் பெயர், தைப்பூசத்தில் காவடிக்கு முன்னால் இடம். சத்தம் அதிகம் என்று பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு அதில் தொண்டர் படையின் அணிவகுப்பு தெரிகிறது. ராப் இசையும் இதே தலைமுறையின் குரல்தான். 2006 வாக்கில் யோகி பி-யும் நட்சத்திராவும் தமிழ் ராப்பை நாடு முழுக்கக் கொண்டுபோனபோது, தாமான் பையன்களுக்குத் தங்கள் பேச்சுத் தமிழிலேயே மேடை ஏறலாம் என்று தெரிந்தது. பேச்சுப் போட்டி கேட்ட சுத்தத் தமிழ் வராத பிள்ளைக்கும் ஒரு வழி திறந்தது.

இதே காலத்தில் சுங்கை சிப்புட்டில் ஒரு சிறிய வேலை சத்தமில்லாமல் நடந்தது. டாக்டர் ஜெயகுமாரும் தோழர்களும் அலைகள் என்ற குழுவாகத் தோட்டங்களுக்குள் போய்ப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்தார்கள். நாட்டின் வேறு இடங்களிலும் இதுபோல நடந்தது. டாக்டர் தம்பிராஜா 1982-இல் தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் ஆயிரக்கணக்கான தமிழ்ப் பிள்ளைகளைப் பல்கலைக்கழகம் வரை ஏற்றிவிட்டது. அலைகளின் வகுப்பு கொஞ்சம் வேறு வகை. கணக்கும் மலாய்மொழியும் சொல்லிக்கொடுக்க வந்தவர்கள், பிள்ளையின் அப்பாவுடைய சம்பளச் சீட்டையும் படித்துப் பார்த்தார்கள். எதைப் பிடித்திருக்கிறார்கள், ஏன் பிடித்திருக்கிறார்கள் என்று கேட்டார்கள். பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைக்கு விண்ணப்பப் பாரம் நிரப்பினார்கள். இப்படி ஒரு வாங்கில் பாடமும் சம்பளச் சீட்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்தபோது, 1948-க்குப் பிறகு பிரிந்துபோன இரண்டு வாய்க்கால்கள், மொழியும் கூலியும், மறுபடி ஒன்றாகச் சேர்ந்தன.

ஜெயகுமார் 1999-இல் முதல் தடவை போட்டியிட்டார், தோற்றார். 2004-இலும் தோற்றார். அவருடைய மலேசிய சோசலிசக் கட்சிக்கு அப்போது பதிவுகூடக் கிடைக்கவில்லை. தோல்வி அடைந்த வேட்பாளர் மறு வாரமே வகுப்புக்கு வந்து நின்றதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் 2008-இல் வாக்களிக்கும் வயதில் இருந்தார்கள்.

ஆனால் 2008-ஐ வகுப்பு மட்டும் கொண்டுவரவில்லை. 2007 நவம்பர் 25-இல் இண்ட்ராஃப் (இந்து உரிமைகள் நடவடிக்கைக் குழு) நடத்திய பேரணி இல்லாமல் அந்த மார்ச் இல்லை. அதைப் புரிந்துகொள்ளக் கோயிலைப் பற்றிப் பேச வேண்டும்.

தோட்டத்துக் கோயில் தொழிலாளி கட்டியது. வேரோடு நின்ற மரத்தடியில் கல்லை நட்டுத் தொடங்கி, சம்பளத்தில் பிடித்துக் கொடுத்த வரிப்பணத்தில் கூரை போட்டு, மூன்று தலைமுறை பொங்கல் வைத்த இடம். நிலம் மட்டும் கம்பெனியுடையது. கம்பெனி தோட்டத்தை விற்றதும், மாநில அரசோ மேம்பாட்டு நிறுவனமோ கையில் எடுத்ததும், பட்டா இல்லாத கோயில் ஒரே நாளில் சட்டவிரோதக் கட்டடமாகிவிடும். லயத்தை இழந்தவர்களுக்கு இழப்பீடு என்று ஏதோ கொஞ்சம் கிடைத்தது. பள்ளி இடம் மாறியது. மாலையில் நாலு பேர் கூட மிஞ்சியிருந்த ஒரே இடம் கோயில்தான். 2007 அக்டோபர் 30 அன்று, தீபாவளி நெருங்கிய நேரத்தில், ஷா ஆலாம் பாடாங் ஜாவாவில் கோயில் உடைக்கப்பட்டபோது ஊர் முழுக்க ஏன் கொதித்தது என்பதற்கு இதுதான் காரணம். சாமிக்காக மட்டும் எழுந்த கோபமாக அதைப் பார்த்தவர்கள் மண்ணைப் பார்க்கவில்லை.

சுயமரியாதை இயக்கத்துத் தாத்தா கோயிலை விட்டு வெளியே வந்தார். இண்ட்ராஃப் காலத்துப் பேரன் கோயிலைக் காக்க ஓடினான். இதை முரண் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. தாத்தாவுக்கு அன்று மன்றம் இருந்தது. பேரனுக்கு அதுவும் இல்லை. இருவரும் கேட்டது, எங்களைக் கேட்காமல் எங்கள் விஷயத்தை முடிவு செய்யாதே என்பதைத்தான்.

அந்த நவம்பர் காலையில் பத்துமலைக் கோயிலின் நுழைவாயில் மூடப்பட்டுக் கண்ணீர்ப்புகையும் நீர்பீரங்கியும் பாய்ந்ததையும், கோலாலம்பூரில் பல்லாயிரம் பேர் காந்தி படத்தைத் தூக்கிக்கொண்டு நின்றதையும் நாடு பார்த்தது. டிசம்பரில் இண்ட்ராஃப் தலைவர்கள் ஐந்து பேர் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் அடைக்கப்பட்டார்கள். இயக்கம் பிறகு பல துண்டுகளாக உடைந்தது உண்மை. பிரிட்டிஷ் அரசிடம் இழப்பீடு கேட்ட வழக்கு எங்கேயும் போய்ச் சேரவில்லை என்பதும் உண்மை. ஆனால் அந்த வழக்கின் வழியாக ஒரு தலைமுறைப் பிள்ளைகள், நாம் எப்படி இங்கே வந்தோம், யார் கொண்டுவந்தார்கள், என்ன வாக்குக் கொடுத்தார்கள் என்று வீட்டில் கேட்கத் தொடங்கினார்கள். அறுபது வருஷமாக வாய் திறக்காத தாத்தாக்கள் சிலர் பேசினார்கள். 1948-இல் அறுந்த நினைவில் கொஞ்சம் அப்போதுதான் திரும்ப வந்தது. 2012-இல் மெட்ரிகுலேஷனில் (பல்கலைக்கழகத்துக்கு முந்திய படிப்பில்) இந்திய மாணவர்களுக்கு 1,500 இடங்கள் அறிவிக்கப்பட்டதையும் அந்த அழுத்தத்தின் பலனாகவே நான் எண்ணுகிறேன்.

தேர்தல் முடிந்த அதே 2008 டிசம்பரில் ஜெரிட் என்ற அமைப்பு ஒரு சைக்கிள் பயணம் நடத்தியது. வடக்கே அலோர் ஸ்டாரிலிருந்து ஓர் அணி, தெற்கே ஜொகூரிலிருந்து ஓர் அணி. நாடாளுமன்றத்தில் போய்ச் சேர்வதாகத் திட்டம். ஓட்டியவர்களில் பலர் தோட்டத்திலிருந்தும் தாமானிலிருந்தும் வந்த இளைஞர்கள். குறைந்தபட்ச ஊதியச் சட்டம், எல்லாருக்கும் வீடு, அத்தியாவசியப் பொருள் விலைக் கட்டுப்பாடு, பொதுச் சேவைகளைத் தனியார்மயமாக்குவதை நிறுத்துவது, உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தை ஒழிப்பது, ஊராட்சித் தேர்தலைத் திரும்பக் கொண்டுவருவது என்று ஆறு கோரிக்கைகள். வழியெங்கும் காவல்துறை மறித்தது, பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் இருக்கிறார்கள் என்று கேள்வி எழுப்பியது, கைதுகளும் நடந்தன. ஓட்டியவர்கள் இறங்கவில்லை. 1941 பட்டியலில் சைக்கிள் கோரிக்கை இருந்தது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? வெகு சிலருக்கே. தெரியாமலேயே அந்தக் காரியம் அவர்கள் கைக்கு வந்து சேர்ந்திருந்தது. நான் சொல்லும் பழக்கம் இதுதான்.

கோரிக்கைகளின் கணக்கையும் பார்த்துவிடலாம். உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் 2012-இல் நீக்கப்பட்டது. குறைந்தபட்ச ஊதியம் 2013 தொடக்கத்தில் தீபகற்பத்தில் 900 ரிங்கிட்டாக வந்தது. 2025-இல் 1,700 ஆனது. ஊராட்சித் தேர்தல் இன்னும் வரவில்லை. இன்று தொழிற்சாலை வாசலில் சம்பளம் வாங்கும் பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு அந்த எண்ணுக்காக யார் வெயிலில் சைக்கிள் மிதித்தார்கள் என்பது தெரியாது. பாடப்புத்தகத்திலும் இல்லை.

இப்போதைய தலைமுறையின் மாலை கைப்பேசியில் இருக்கிறது. அதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2021-இல் நோய்த்தொற்றுக் கட்டுப்பாட்டின்போது சாப்பாட்டுக்கு வழியில்லாதவர்கள் வீட்டு முன்னால் வெள்ளைக்கொடி கட்டலாம் என்ற செய்தி பரவியதும், கொடி தெரிந்த வீடுகளுக்கு அரிசி போனதும் கைப்பேசி வழியாகத்தான். ஷிப்ட் வேலை உடைத்துப்போட்ட நேரத்தை ஓரளவு ஒட்டித் தருவது அந்தக் கருவி. இரவு ஷிப்ட் முடிந்து வந்தவளும் குழுவில் வந்த செய்தியைப் படித்துப் பதில் போட முடிகிறது. ஆனால் அதில் ஒத்திகை இல்லை. பேசத் தெரியாத பிள்ளையை ஒரு வாரம் பக்கத்தில் உட்கார்ந்து பழக்கி மேடை ஏற்றும் அண்ணன் அதில் இல்லை. பேசத் தெரிந்தவன் இன்னும் பெரிதாகப் பேசுகிறான், மற்றவர்கள் விருப்பக்குறி போட்டுவிட்டு நகர்கிறார்கள்.

வாக்குரிமையிலும் இதே பிரச்சினை வேறு வடிவத்தில் இருக்கிறது. 2019 ஜூலையில் நாடாளுமன்றம் வாக்களிக்கும் வயதை 21-லிருந்து 18-ஆகக் குறைத்தது. 2021 டிசம்பரில் அது தானியங்கி வாக்காளர் பதிவோடு நடைமுறைக்கு வந்தது. 2018-இல் ஒன்றரைக் கோடிக்கும் சற்றுக் குறைவாக இருந்த வாக்காளர் எண்ணிக்கை 2022-இல் இரண்டு கோடியைத் தாண்டியது. இளைஞர்கள் கேட்டு வாங்கிய நல்ல மாற்றம், இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஒன்று மட்டும் உறுத்துகிறது. முன்பெல்லாம் ஒருவரை வாக்காளராகப் பதிய வைக்க யாராவது ஒருவர் பாரத்தோடு வீட்டுக்குப் போக வேண்டும். ஐந்தடியில் (வீட்டு முன் நடையில்) செருப்பைக் கழற்றிவிட்டு, வாசலில் உட்கார்ந்து, தேநீர் குடித்து, அடையாளக் கார்டைக் கேட்டு, அந்தச் சாக்கில் வேலை என்ன, சம்பளம் என்ன, பிள்ளை எங்கே படிக்கிறது, தம்பிக்குப் பிறப்புப் பத்திரம் ஏன் இல்லை என்று விசாரித்துவிட்டு வருவார். சுங்கை சிப்புட்டில் இயக்கம் வளர்ந்ததே இப்படிப்பட்ட வருகைகளில்தான். கணினி பதிவு செய்துவிடுவதால் அந்தச் சாக்கு போய்விட்டது.

வகுப்பு எடுக்கவும் ஆள் கிடைப்பது குறைந்துவிட்டது. அன்றைய வகுப்பில் படித்துத் தேறியவர்கள் பினாங்கிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் சிங்கப்பூரிலும் வேலையில் இருக்கிறார்கள். தீபாவளிக்கு வருகிறார்கள், பணம் அனுப்பச் சொன்னால் தாராளமாக அனுப்புகிறார்கள். கோயில் மண்டபம் இருக்கிறது, மின்விசிறி இருக்கிறது, எஸ்.பி.எம். (இடைநிலைப் பள்ளி இறுதித் தேர்வு) பழைய தாள்கள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. செவ்வாய், வியாழன் மாலையில் வந்து உட்கார ஊரில் இருக்கிற ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் கிடைக்கும் தாமான்களில் பிள்ளைகள் வருகிறார்கள். கிடைக்காத தாமான்களில், அடுத்த தேர்தலுக்கு வாக்குக் கேட்டு வருகிறவர்தான் பதினெட்டு வயதான அந்தப் பிள்ளையிடம் பொது விஷயம் பேசும் முதல் ஆளாக இருப்பார்.